கத்துவதற்கும் ஒரு பயிற்சி

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் சாயங்கால பஸ். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களும் பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வருகிறவர்கள். கைகளில் வெள்ளித் தூள் இன்னும் போகவில்லை.

"எல்லாம் வந்துச்சுக்கா, கத்துறது மட்டும் வரலை" என்றாள் இளையவள்.

"அந்தத் தற்காப்பு கிளாஸ்லயா?"

"ஆமாக்கா. பிடிச்ச கையத் திருகி உருவிட்டேன், முழங்காலால இடிச்சுட்டேன். 'மொதல்ல கத்து, பெறகு ஓடு, அதுதான் முக்கியம்'னு டீச்சரு சொல்றாக. வாயத் தொறந்தா வெறுங்காத்துதான் வருது."

"மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டு நாள் பூரா பேசாமக் கெடக்கோம். பெறகு எங்கிட்டு வரும்?"

"வீட்டுக்குப் போயிப் படுத்தாப் போதும்னு இருக்கு. இதுல கத்த வேற செய்யணுமாம்."

அவர்களை ஒட்டிப் பின்னால் நின்ற ஒரு ஆள், பஸ் குலுங்கும்போதெல்லாம் இளையவள் மேல் சாய்ந்தான். அவள் நகர்ந்தாள், அவனும் நகர்ந்தான். அடுத்த குலுக்கலில் அவளிடமிருந்து வந்தது அந்தச் சத்தம்.

"ஏலே, தள்ளி நில்லுலே!"

டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யாரும்மா எறங்கணும்?" என்றார்.

அவள் அலுப்போடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், கட்டைவிரலைப் பின்பக்கம் நீட்டினாள்.

"இந்தா, இவரு."