சர்க்கார் ஊற்று

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். களையெடுக்க வருகிற பெண்கள் திரும்பும்போது ஆளுக்கொரு குடம் கொண்டுபோவார்கள். நான் ஒருவரையும் தடுத்ததில்லை. ஐயா இதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நானும் என் பெண்டாட்டியும் நாலு வருஷம் பாறை உடைத்து வெட்டிய கிணறு அது. எழுபத்தாறில் தாலுகாவிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கண்மாய் பக்கத்தில் இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் இங்கே கசிகிறது, கண்மாய் சர்க்காருடையது, தீர்வை கட்டு என்றார்கள். எந்தச் சட்டம் என்று கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் இருக்கிறது என்றார்கள். வெள்ளைக்காரன் சட்டத்தில்தான் என் அப்பனின் உழவு மாடுகளையும் அவிழ்த்துப் போனார்கள். சுதந்திரத்தன்று எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சட்டத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

தீர்வை கட்டுவதில்லை, ஜப்திக்கு வருகிறவனை ஊருக்குள் விடுவதில்லை என்று விவசாயிகள் சங்கத்தில் முடிவானது. ரோட்டில் மாட்டுவண்டிகளைக் குறுக்கே போட்டோம். மேடையில் இதைப் புரட்சி என்றார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் கிணற்று மோட்டாரில் ஒருவன் கை வைக்கக்கூடாது, அம்புட்டுத்தான்.

வரப்பு வழியாக வந்தவன் வீரணன். தலையாரி. என் தங்கை மகன். கையில் ஸ்பேனர்.

"நானே கழட்டிட்டுப் போயிர்றேன் மாமா. ஜீப் வந்தா ஊரே வேடிக்கை பாக்கும்" என்றான்.

வெயிலாக இருக்கிறது, உர ரூமில் உட்கார் என்றேன். உட்கார்ந்தான். வெளியே பூட்டினேன். சித்திரை மாதம். தகரக் கூரை.

முதலில் சிரித்தான். விளையாட்டுப் போதும் என்றான். பொழுது சாயும்போது தண்ணீர் கேட்டான்.

"ஒரு வாய் குடு மாமா."

"எங்கிட்ட ஏதுடா தண்ணி? சர்க்காரு தண்ணின்னு நீதான நோட்டீசு ஒட்டுன. ஒங்க தாசில்தார்ட்ட கேளு."

மறுநாள் காலையில் மோட்டார் போட்டேன். தொட்டி அந்த ரூமை ஒட்டித்தான் இருக்கிறது. தண்ணீர் விழுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். அதற்காகப் போடவில்லை. மிளகாய்ச் செடி வாடியிருந்தது.

என் தங்கை வந்து மகனைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன்.

அன்று மதியம் சங்கத்து மலைச்சாமி ஓடிவந்தான். வசூலை நிறுத்திவிட்டார்களாம், ஜப்தி கிடையாதாம். ஊருக்குள் வெடி போட்டார்கள். அப்போதும் உள்ளே தட்டுகிற சத்தம் இருந்தது. வாய்ச்சொல்லை நம்பிக் கெட்டவன் நான். எழுத்தில் வரட்டும் என்றேன்.

மூன்றாம் நாள் சீல் வைத்த காகிதம் வந்தது. ஊரில் படித்தவர்கள் இருக்கிறார்கள், இல்லாததைச் சேர்த்து வாசிப்பார்கள். எனக்கு எதையும் உள்ளபடி வாசித்துச் சொல்கிறவன் வீரணன் ஒருவன்தான். அதற்காகத்தான் பூட்டைத் திறந்தேன். கட்டையாகக் கிடந்தான். இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

காகிதம் என் மடியில்தான் இருக்கிறது. உங்களிடம் தரமாட்டேன். நீங்களும் சர்க்கார் ஆள்.