சுவரோரத்து அறை

குருவி வளர்ப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: கிழட்டுக் குருவியை வாங்காதீர்கள். அது தானாகவே செத்துப்போகும். எதனால் செத்தது என்று நமக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, தாளும் பேனாவும் கொடுத்து, இருளாயி அக்கா இறந்ததைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். என் பெயர் பத்துமலை. முப்பத்தாறு வயதில் தொழிற்சங்கத்து மாலை வகுப்பில்தான் எழுத்துக் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்காய் டவுன் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டுக்கு அடுப்பெரிப்பது என் வேலை. மணிக்கட்டு ஒடிந்து கோணலாகக் கூடியதிலிருந்து மரம் சீவும் கத்தி என் கையில் நிற்பதில்லை. இந்த வேலையை விட்டால் வேறு இல்லை. வேலையோடு இரண்டறை வீடும் கொடுத்தார்கள். அதில் ஓர் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் புகைவீட்டு அடுப்பு.

1977இல் ஒரு காலை, அந்த அறையில் எழுந்து நின்ற என் மனைவி மங்களம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நான்கு வயது மகள் வாந்தி எடுத்தாள். மரத்தடிக்குத் தூக்கிப்போனதும் இருவரும் தெளிந்தார்கள். சுவரில் விரிசல் இருக்கிறது என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணி சின்னையாவிடம் சொன்னேன்.

"வீடு புடிக்கலன்னா சொல்லு பத்துமல. அடுத்த ஆளு ரெடியா நிக்கிறான் லா" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் கேட்கவில்லை. நானே களிமண் அப்பினேன்; சூட்டில் அதுவும் வெடித்தது. சன்னலை எப்போதும் திறந்து வைக்கவும் முடியாது, புகை உள்ளே வந்து கண்ணை எரிக்கும்.

மாலை வகுப்பில் வாசிக்கக் கொடுத்த ஒரு தாளில் சுரங்கங்களைப் பற்றிப் போட்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு. அந்தப் பெயரை எழுத்துக் கூட்டவே எனக்கு இரண்டு நாள் ஆனது. நிறம் இல்லை, மணம் இல்லை. சின்ன உயிர்தான் முதலில் விழும், அதனால் குருவியைக் கூட எடுத்துப்போவார்கள் என்று எழுதியிருந்தது. யார் உதவியும் இல்லாமல் நான் முழுதாக வாசித்த முதல் தாள் அதுதான்.

மனைவியையும் மகளையும் அடுத்த அறைக்கு மாற்றினேன். வாயு அங்கேயும் பரவுமுன் தெரியவேண்டும் என்று, சுவரோரத்து அறையில், படுத்தால் தலை இருக்கும் உயரத்தில், கூண்டைக் கட்டினேன். இளம் குருவி, ஓயாமல் கத்துகிற குருவி. கூண்டைத் தினமும் துடைத்தேன், தண்ணீர் மாற்றினேன். இரண்டு வருடத்தில் ஒன்பது குருவிகள். மகள் ஒவ்வொன்றுக்கும் அழுதாள். குருவியில் ஒரு குறை உண்டு ஐயா. நாம் போய்ப் பார்த்தால்தான் விழுந்தது தெரியும். அதுவாக வந்து சொல்லாது.

புருஷன் செத்ததும், எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைப் பறிகொடுத்த இருளாயி அக்கா அப்போது கோயில் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. இளைத்த உடம்பு, ஆனால் நோய் கிடையாது. நிறையப் பேசுவார். அவரைக் கூட்டிவந்து அந்த அறையைக் கொடுத்தேன். எஸ்டேட்டே என்னைப் புகழ்ந்தது.

மூன்று வேளை சோறு போட்டோம். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய்.

"ஒங்க வீட்டுச் சோத்துல ஒரு கொற இல்ல தம்பி. இந்தத் தலதான் நிக்க மாட்டேங்குது" என்று சிரிப்பார்.

தலை வலிக்கிறது என்று அவர் சொன்னதும் சன்னலைத் திறந்துவிட்டு நாங்கள் மூவரும் வெளியே போய்விடுவோம். அவரைப் படுத்திருக்கச் சொல்வேன். அவரும் வெளியே வந்துவிட்டால், உள்ளே காற்று சரியானதை எப்படித் தெரிந்துகொள்வது?

எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸர் அவருக்குத் தலைவலி மாத்திரை கொடுத்தனுப்பினார். அதை அடுப்பில் போட்டேன். மாத்திரை வலியை மறைத்துவிடும்.

"அவங்ககிட்ட சொல்லிப்புடலாங்க" என்று மங்களம் ஒருநாள் சொன்னாள்.

"சொன்னா போயிருவாங்க" என்றேன். மகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். மங்களம் அவளைப் பார்த்துவிட்டு, அக்காவுக்குச் சோறு போடப் போனாள்.

போன மாதம் நான்கு நாள் விடாமல் மழை. விறகு நனைந்து, அடுப்பு எரியாமல் கனன்றது. சாரலுக்குச் சன்னலும் சாத்தியிருந்தது. காலையில் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, காலு நிக்கல. என்னையும் புடிச்சு வெளிய உக்கார வையி."

"மழையா இருக்குக்கா. படுத்திருங்க" என்றேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு எதிரில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போனோம். அங்கிருந்து, "அக்கா, இப்ப எப்படி இருக்கு?" என்று குரல் கொடுத்தேன். வலிக்கிறது என்றார். இன்னொரு தடவை கேட்டேன். அதற்கும் பதில் வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. அதனால் அன்று மாலைவரை நாங்கள் வீட்டுக்குள் போகவில்லை.

விரிசலும் தெரியும், வாயுவும் தெரியும். தெரிந்துதான் அவரை அங்கே வைத்தேன். இதில் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவரை நான் ஒருநாளும் பட்டினி போட்டதில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அக்கா வந்த நாளிலிருந்து என் மகளுக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. அக்கா இருந்த வீடு அப்படி.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போன திங்கட்கிழமையிலிருந்து அந்த அறையில் ராக்காயி அக்கா இருக்கிறார். அவர் அதிகம் பேசமாட்டார், நாமாகக் கேட்க வேண்டும். மங்களம் வேலைக்குப் போயிருப்பாள், காலையிலிருந்து நான் இங்கே இருப்பதால் கேட்க ஆளில்லை. ஒரு போலீஸ்காரரை அனுப்பி, தலை வலிக்கிறதா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்றால், என் மகளைத் தூக்கி வெளியே உட்கார வைத்துவிடுங்கள்.