படத்தில் விழுந்த சாவி

உங்கள் மேஜையில் சாம்பல் கிண்ணம் இல்லை. உள்ளே வந்ததும் நான் கவனித்தது அதைத்தான். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இப்படிப்பட்ட போலீஸ் விசாரணை அறைகளில் சுவரே மஞ்சளாகிப் போயிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் கேட்டதற்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் புரியும்.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். ஆளை நிறுத்தி, முகவாயைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அப்புறம் விடச் சொல்வது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் நெஞ்சுக்குள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று புகை விட்டுக்கொண்டிருப்பார். காலையில் அவர் இருமுவதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே நிற்பேன். எந்த இருமல் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அவ்வளவு பிரியம்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். புகைக்கு அதையே காரணமாகச் சொல்வார்.

"பிரேக்குன்னு கத்தினா ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவன் பக்கத்துல நாள் பூரா உக்காந்து பாரு. நீயும் பிடிப்பே."

நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன். என் தலையில் கை வைத்துப் பலமுறை சத்தியம் செய்தார். என் தலை இன்னும் கழுத்தின் மேல் இருப்பது எனக்கே ஆச்சரியம்தான். வெளியே போய்விட்டு வரும்போது அவரிடம் பெப்பர்மின்ட் வாசனை வந்தால் எனக்கு எல்லாம் விளங்கிவிடும். கடைசியில் சிகரெட்டை எழுதும் மேஜையின் டிராயரில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தார். சாவி பகலில் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கைக்குள் போய்விடும், தூக்கத்திலும் கை திறக்காது.

அதனால்தான் தெருமுனைப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் சொல்வார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்கும். நுனி வளைந்து, மூன்று பல் வைத்த சாவி. தொழிலுக்கு வந்த புதிதில் அவர் தன் கையாலேயே அராவியது. டிராயரை ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில் திறந்துவிட்டார். உள்ளே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. "நம்ம பிராண்டுதான் தங்கச்சி" என்று சிரித்தார். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. கூலியோடு சேர்த்து அவற்றையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஆனால் அந்த இருமல் எனக்குச் சரியாகப் படவில்லை. சென்டருக்கு வாருங்கள், இலவசமாகவே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் நெஞ்சைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் நான்.

மறுநாள் காலையிலேயே வந்தார். கழுத்துச் சாவியைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார்.

"கழட்டினா எங்கயாவது வெச்சிட்டு மறந்துடுவேன் தங்கச்சி. பூட்டுக்காரன் சாவியைத் தொலைச்சிட்டான்னா ஊரே சிரிக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று அப்படியே எடுத்தேன். என் வேலையில் நான் செய்த ஒரே தவறு அதுதான். மற்றபடி என் மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

படத்தைக் கழுவி வெளிச்சத்தில் வைத்தேன். இடது பக்கம் மேலே, ஒரு எலுமிச்சம்பழ அளவில் வெள்ளையாக இருந்தது. முதலில் ஐயோ பாவம் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் முதலில் நினைத்தேன். இது மட்டும் என் வீட்டுக்காரருடைய படமாக இருந்தால் அவர் இன்றோடு விட்டுவிடுவாரே என்பது அதற்கு அப்புறம்தான் தோன்றியது.

மதியம் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து வரவழைத்தேன். ஊழியர் குடும்பத்துக்கு இலவசப் பரிசோதனை என்று சொன்னேன். மெஷின் முன்னால் நிற்பவரின் தோளைத் திருப்பும்போதே பையில் இருக்கும் இரும்பை எடுத்துவிடுவது எங்களுக்குக் கைப்பழக்கம். பாதிப் பேருக்கு எடுத்ததும் தெரியாது, திரும்ப வைத்ததும் தெரியாது. அவர் சட்டைப் பையில் இருந்த டிராயர் சாவியை அப்படித்தான் எடுத்தேன். படம் வந்தது. இத்தனை வருஷம் புகைத்தவருக்கு இவ்வளவு சுத்தமான நெஞ்சா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எங்கள் சென்டரில் படத்தின் மூலையில் பெயர் ஒட்டுவது நான்தான். பூட்டுக்காரர் படத்தில் என் வீட்டுக்காரர் பெயரை ஒட்டினேன். அப்படிச் செய்ததும் பூட்டுக்காரருடைய உறை காலியாகிவிட்டது. காலி உறையை டாக்டர் மேஜையில் வைக்க முடியாது. மீதி இருந்தது ஒரு படம்தான், அதைப் போட்டேன். பூட்டுக்காரருக்குக் கெடுதல் நினைத்து எதுவும் செய்யவில்லை. உறை காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டாக்டர் சாயங்காலம் வருவார். படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். "சாவியை எடுக்கச் சொல்லக் கூடாதாம்மா" என்று கடிந்துகொண்டு, நிழல் இருக்கிறது, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த படத்தில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதினார்.

என் வீட்டுக்காரர் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். பிறகு படத்தில் இருந்த சாவியைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். உங்கள் டிராயர் சாவிதான், எக்ஸ்ரேயில் எல்லாமே கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்றேன். பையைத் தடவிப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது. எழுந்து போய் டிராயரைத் திறந்து, புதிதாக வாங்கி அடுக்கியிருந்ததை எல்லாம் என் மடியில் கொட்டினார். டாக்டர் எழுதிய பரிசோதனைக்குப் பயந்தார், ஊசி என்றாலே ஓடுகிறவர் அவர். முதலில் புகையை விடுங்கள், அப்புறம் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடித்தது மாதிரி இருந்தது.

பூட்டுக்காரர் தன் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். டாக்டர் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"என் சாவியைக் காணோமே தங்கச்சி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தடுமாறவில்லை.

"நல்ல மெஷின்ணே. தேவையில்லாததை அதுவே விட்டுடும்."

"அடேயப்பா" என்றார். நம்பிவிட்டார். என்னை நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லையே. அப்படியென்றால் சிகரெட் பிடிக்கலாம்தானே என்று கேட்டார். உங்கள் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றேன். பிடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் சொல்வது எனக்கு வராது. வீட்டில் மீந்த பெட்டிகளையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். அவை அங்கே கிடந்தால் என் வீட்டுக்காரருக்குச் சபலம் தட்டும்.

சில வாரம் கழித்து என் வீட்டுக்காரருக்கு எடுத்த இரண்டாவது படத்தில் நிழல் இல்லை. எப்படி இருக்கும்? டாக்டர் ஏதோ கிருமியாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தார். என் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. புகையை விட்டதால் நோய் கரைந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். முதலில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிறகு புகை எதிர்ப்பு மன்றம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று மேடை மேடையாக ஏறினார். பழைய படம் ஒரு கையில், புதுப் படம் ஒரு கையில். "பாருங்க, நான் எதுக்கு அடிமையா இருந்தேனோ அதோட சாவி என் நெஞ்சு மேலயே தொங்குது" என்று அவர் சொல்லும்போது கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாகும். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

அந்தச் சமயத்தில்தான் பூட்டுக்காரரை அவர் மனைவி கைத்தாங்கலாகச் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை ஆணியில் மாட்டியது மாதிரி தொங்கியது. இருமினால் கைக்குட்டை சிவக்கிறது, இன்னொரு படம் எடுத்துவிடம்மா என்று அந்த அண்ணி கேட்டார். நான் நன்றாக யோசித்தேன். அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை. புதுப் படம் எடுத்தால் டாக்டர் பழையதோடு வைத்துப் பார்ப்பார், உண்மை வெளியே வரும், என் வீட்டுக்காரர் அடுத்த நிமிஷமே பற்ற வைப்பார். அவரைக் காப்பாற்றிவிட்டுக் கைவிடுவதா?

"போன தடவையே சுத்தமா இருந்துதே அண்ணி. சும்மா சும்மா கதிர் படக் கூடாது. இருமல் மருந்து கொடுங்க, சரியாயிடும்."

பூட்டுக்காரர்தான் மனைவியைச் சமாதானப்படுத்தினார். தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். மருந்தை என் கையால்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். துக்க வீட்டில் கடைசிவரை கூட இருந்தவள் நான். அண்ணி அந்தச் சாவியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மனசு கெட்டுவிடும் என்று, ஒரு நாள் என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்கக் கூட்டிப்போனதும் நான்தான். பாருங்கள், நல்லது செய்யப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து, சாவியைக் காட்டினார். அண்ணி எழுந்தார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். மேடையில் ஏறி, கழுத்துக் கயிற்றை இழுத்துச் சாவியைப் படத்தின் மேல் வைத்தார். அந்த வளைவு, அந்த மூன்று பல். படத்தில் இருந்த சாவி ஒரு நூலளவு பெரிதாக இருந்தது, எக்ஸ்ரேயில் அது இயல்புதான். அண்ணி சத்தம் போடவில்லை. ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இது எங்க வீட்டுக்காரர் சாவி. அப்ப இந்த நெஞ்சு யாருது?"

என் வீட்டுக்காரர் அந்தச் சாவியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். படத்தை மேடையிலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்ற காவலாளியிடம் ஒரு சிகரெட் கேட்டு வாங்கிப் பற்ற வைத்தார். என் கண் முன்னாலேயே முழுவதையும் பிடித்து முடித்தார். அப்போதுதான் நான் அழுதேன். இத்தனை நாள் பட்ட பாடு ஒரே தீக்குச்சியில் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.

ஆமாம், பெயரை மாற்றி ஒட்டியவள் நான். இரண்டாவது முறை வந்தவரைப் படம் எடுக்காமல் திருப்பி அனுப்பியவளும் நான். போனால் செத்துப்போவார் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். நீங்கள் அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் புகைக்காமல் இருந்த அந்த நாட்களையும் எங்காவது ஓரத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து போன் வந்திருக்கிறது என்று அடிக்கடி எழுந்து வெளியே போகிறீர்கள். திரும்பி வரும்போதெல்லாம் பெப்பர்மின்ட் வாசனை வருகிறது. வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் இருப்பார்கள். இதெல்லாம் முடிந்ததும் ஒரு நாள் வாருங்கள், நானே ஒரு படம் எடுத்துத் தருகிறேன். கழுத்தில் ஏதாவது போட்டிருந்தால் மட்டும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.