இரண்டு சிம் போன்

தில்லையடி.

மதிப்புக்குரிய காதி நீதவான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்றைய தலாக் விசாரணையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மதரஸா அறையில் காற்றாடிக்குக் கீழே தாங்கள். தங்களுக்கு இடது பக்கம் கோப்புகளோடு கிளாக்கர். ஜன்னலோர வாங்குப் பலகையில் என் மச்சான் றிஸ்மினும் அவருடைய அண்ணன் நெய்னார் நானாவும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பாயில் என் தங்கச்சி ஸாஜிதாவும் எங்கள் உம்மாவும். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரித் திரைச்சீலை ஓரத்துக் கதிரையில் நான். அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம். தங்கள் கிளாக்கரிடம் சொல்லி ஒரு ஆணி அடிக்கலாம்.

போன ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் என்னைக் கண்டபோது, "ஜபார், ரெண்டும் நல்ல புள்ளைகள். எங்க பிழைச்சதுண்டு எனக்கு இன்னும் வெளங்கல்ல" என்றீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது என் பழக்கமில்லை.

நான் போன் திருத்துகிறவன். பேஸ்புக்கில் குறிப்புகளும் எழுதுவேன். விடியும்வரை சார்ஜில் போடாதீர்கள். விலை கூடிய போனைவிட நல்ல சார்ஜர் முக்கியம். தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் வைக்காதீர்கள், அரிசித் தூசுதான் உள்ளே போகும். கடலோரம் இருப்பவர்கள் சார்ஜ் குத்துகிற துவாரத்தை அடிக்கடி துடையுங்கள், உப்புக்காற்று தின்றுவிடும். முக்கியமான நம்பர் இரண்டையாவது பாடமாக்கி வையுங்கள். இந்தக் கடைசிக் குறிப்புக்கு மட்டும் லைக் விழுவதே இல்லை.

ஸாஜிதாவின் கலியாணத்துக்கு நான் கொடுத்தது இரண்டு போன், ஒன்று அவளுக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு. இரண்டையும் நானே செட் பண்ணிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் போன் என்றால் நானாவிடம் கொடு என்பதுதான் வழக்கம். கடவுச்சொல்லைக்கூட என்னிடம்தான் கேட்பார்கள். கட்டாரில் வேலை செய்கிற றிஸ்மின் லீவு முடிந்து திரும்புவதற்கு முதல் நாள், பெற்றரி மாற்ற போனைக் கடையில் தந்துவிட்டுப் போனார். போகிற போக்கில், "மச்சான், விசா சரிவரும்போல இரிக்கி. ஒங்கட தங்கச்சிய அங்க எடுத்திடுறன், நீங்க இனி நிம்மதியா இருங்க" என்று முதுகில் தட்டினார்.

அன்றைக்குத்தான் செய்தேன். அவருடைய போனில் ஸாஜிதா என்ற பெயருக்குக் கீழே இருந்த நம்பரை எடுத்துவிட்டு என்னுடைய புது சிம் ஒன்றின் நம்பரைப் போட்டேன். ஸாஜிதாவின் போனில் றிஸ்மின் என்ற பெயருக்குக் கீழே என்னுடைய மற்றொரு சிம்மின் நம்பர். இரண்டு சிம்மையும் ஒரே போனில் போட்டு, இரண்டுக்கும் தனித்தனி வட்ஸ்அப் திறந்து, அவரவர் படத்தையும் வைத்தேன். ரீசெட் பண்ணியதில் பழைய கதையெல்லாம் அழிந்துவிட்டது என்றேன். இருவரும் பரவாயில்லை என்றார்கள்.

ஆரம்பத்தில் நான் எதையும் மாற்றவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவர் அனுப்பியதை அவளுக்கும் அவள் அனுப்பியதை அவருக்கும் அப்படியே தள்ளிவிட்டேன், குரல் பதிவுகளையும்கூட. அந்த நாட்டில் நெட் கோல் ஒழுங்காக எடுபடாது என்பதால் எழுத்தும் குரல் பதிவும்தான் அவர்களுக்கு வழி. நான் நடுவில் ஒரு வயர் மாதிரி இருந்தேன். வயர் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

விசா வந்த செய்தியைத்தான் முதலில் நிறுத்தினேன். றிஸ்மினின் பெயரில், "இந்த வருசம் சரிவராது, நீ உம்மாவோட இரி" என்று ஸாஜிதாவுக்கு எழுதினேன். ஸாஜிதாவின் பெயரில், "எனக்கு அங்க வர விருப்பமில்ல, வற்புறுத்த வேணாம்" என்று றிஸ்மினுக்கு எழுதினேன். இரண்டும் நியாயமான வசனங்கள். வீட்டில் உம்மாவுக்கு ஆள் வேண்டும். அதோடு, தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்ற, மன்னாரை விட்டு வள்ளத்தில் வந்தபோது கைக்குழந்தையான ஸாஜிதாவை மடியில் வைத்திருந்தவன் நான். நாலைந்து நாளில் திரும்பலாம் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். போய்விட்டு வருவேன் என்று யார் சொன்னாலும் எனக்கு அன்றிலிருந்து நம்பிக்கை இல்லை.

அதன்பிறகு என் பாடு சிரமமாகிவிட்டது. அந்தப் போனை அணைக்க முடியாது, எங்கும் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. தொழுகையில் நிற்கும்போது பையில் அது அதிரும். ஆலங்குடாவில் சிநேகிதனின் கலியாணத்துக்குக்கூட நான் போகவில்லை, அங்கே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். இரண்டு பேருக்காகவும் நான் கோபப்பட வேண்டும், இரண்டு பேருக்காகவும் சமாதானமாக வேண்டும். இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு காலையில் ஸாஜிதா றிஸ்மினுக்கு எழுதியது எனக்கு வந்தது. உண்டாகியிருக்கிறாளாம். அவருக்கு அனுப்பியிருந்தால் அடுத்த பிளேனில் வந்திருப்பார். ஆகவே அனுப்பவில்லை. அவர் பெயரில், "சந்தோசம், கொஞ்ச நாளைக்கு ஒருத்தருக்கும் சொல்லாத" என்று பதில் போட்டேன். அவளும் சொல்லவில்லை, உம்மாவுக்குக்கூட. சில கிழமைகளில் அது கலைந்துவிட்டது. அதையும் எழுதினாள். ஏதாவது பதில் போட வேண்டுமே. "ஒன்ட கவலையீனம்தான், நீ கவனமா இருக்கல்ல" என்று எழுதினேன். அடுத்த அறையில் அவள் அழுவது கேட்டது. இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "நீங்க இல்லாட்டி எனக்கு ஆரு நானா?" என்றாள். நான் செய்தது சரி என்று எனக்கு உறுதிப்பட்டது அன்றைக்குத்தான்.

றிஸ்மின் தலாக் கேட்டு வந்து தங்கள் முன்னால் உட்கார்ந்தது அதன் பிறகு. அவருடைய போனில் ஸாஜிதாவின் பெயரில் உள்ளதைப் பார்க்க வேண்டும் என்று தாங்கள் சொன்னபோது அதை வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டீர்கள், போன் தெரிந்தவன் என்று. நான் ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தேன். நெய்னார் நானா, "இது ஒரு பொம்புள எழுதுற எழுத்தா?" என்று காறினார். திரைச்சீலைக்குப் பின்னால் உம்மா, "எங்கட புள்ள அப்பிடி எழுதமாட்டா" என்றார். ஸாஜிதா உம்மாவின் காதுக்குள் மட்டும் ஏதோ சொன்னாள். சபையில் அவளுக்காகப் பேச நான் இருந்தேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு வியர்த்தது. றிஸ்மின் எழும்பி, "காதியார், எத்தின தரம் கோல் எடுத்தும் இவ ஆன்சர் பண்ணல்ல. இப்ப ஒங்கட முன்னுக்கே எடுத்துக் காட்டவா?" என்று போனைத் தூக்கினார். அந்தக் கோல் அடித்திருந்தால் அதிர்ந்திருப்பது என் சேர்ட் பைதான்.

"சீலைக்கு அங்கால இருக்கிறவளுக்குப் போனா மச்சான்? மூச்சு விட்டாலே கேக்குமே" என்றேன்.

கிளாக்கர் சிரித்தார். தாங்களும் சிரித்தீர்கள். றிஸ்மின் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். புருஷன் பெண்சாதிக் கதையை நாலு பேர் முன்னால் கதைக்கவும் வேறொருவர் போனை வாங்கிக் கதைக்கவும் இரண்டு பேருக்கும் வெட்கம். யாருடைய போனிலாவது சரியான நம்பரை ஒருமுறை பார்த்திருந்தால் போதும், எல்லாம் வெளியாகியிருக்கும். அந்த வெட்கம்தான் எனக்கு உதவியது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று தாங்கள் சொன்னது சரிதான்.

தலாக் சொல்லிவிட்டு அவர் கட்டாருக்குத் திரும்பினார். தலாக்குக்குப் பிறகு அவள் வீட்டுக்குள் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் நேற்றோடு முடிந்தது. இத்தாவுக்குள் இந்தக் கடிதம் தங்களுக்குக் கிடைத்திருந்தால் அவர் ஒரு வார்த்தையில் அவளைத் திரும்ப எடுத்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். இனி என்றால் புதிதாக நிக்காஹ் செய்ய வேண்டும். வாப்பா மௌத்தாகிவிட்டதால் அவளுக்கு வலி, நிக்காஹுக்குச் சம்மதம் கொடுக்க வேண்டிய பொறுப்பாளி, நான்தான். வலி மறுத்தால் தாங்களே அனுமதி கொடுக்கலாம் என்பதும் தெரியும். அப்படி ஒரு நிலை வராது. ஆளும் பேரும் விசாரிக்காமல் நான் எதையும் மறுக்கிறவன் அல்ல. தங்கச்சியின் வாழ்க்கை, நிதானமாக யோசிக்க வேண்டும். எவ்வளவு காலம் ஆனாலும்.

இரண்டு சிம்மையும் உடைத்துவிட்டேன். கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன்.

கவரை ஒட்டக் கோந்து கேட்டேன், ஸாஜிதாவே கொண்டுவந்து ஒட்டித் தந்தாள். முத்திரையும் அவள் கையால்தான். இத்தனை நாள் வீட்டுக்குள்ளே இருந்த பிள்ளை, தபால் கந்தோர்வரை காலாற நடந்துவிட்டு வரட்டும் என்று அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். அதில் ஒரு பயமும் இல்லை. இந்த வரிகளைக் கவரின் பின்புறம் எழுதும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறாள். பிறருக்கு எழுதியதை வாசிக்கிற பிள்ளை இல்லை அவள். அப்படித்தான் நான் வளர்த்திருக்கிறேன்.