பெண்டாட்டிக்கும் ஊசி

எண்பதுகளில், புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் தோல் வியாதிக்கும், மேக வியாதி எனப்படும் பால்வினை நோய்க்கும் ஒரே வரிசை. எனக்கு வெறும் படைதான். அதை நிரூபிக்க, யாரும் கேட்காமலே முழங்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் மீசைக்காரர் ஒருவர். அப்போதுதான் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த லுங்கிக்காரர் அவரிடம் மெல்லச் சொன்னார்.

“பொம்பளகிட்ட போனாதான்டா இந்த நோய் வரும்னு நெனச்சேன். அதான் ஒங்கூட பயப்படாம இருந்தேன்.”

“நானும் அப்டித்தான்டா நெனச்சேன். டாக்டர் என்னா சொன்னாரு?”

“பொண்டாட்டியயும் இட்டுனு வந்து ஊசி போடணுமாம். இல்லன்னா வயித்துல இருக்கற புள்ளைக்கும் போயிடுமாம். அவகிட்ட என்னான்னு சொல்றது?”

“எவளோ ஒருத்திகிட்ட போயிட்டேன்னு சொல்லு. அழுவா, திட்டுவா, ஆனா வந்துடுவா. நெசத்த சொன்னா ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டா. அப்பறம் எங்க ஊசிக்கு வர்றது?”

என் முழங்கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

“சரி, சாராயக்கடையில ஒரு கிளாஸ் போட்டுட்டுப் போய் சொல்றேன்.”

“வேணாம்டா. குடிச்சா எம் பேர ஒளறிடுவ. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம போய்ப் பேசு.”

லுங்கிக்காரர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

“ஒங்கிட்ட வர்றதுக்கே எனக்குக் குடிச்சாதான்டா தைரியம் வரும். அவகிட்ட எப்டிடா?”