ஏழாவது குறிப்பு

— ...அளவு டேப்பு?

— வச்சாச்சுங்க.

— கையிலேயே வச்சுக்கோ. போய் இறங்கினதும் குளியலறைக் கதவைத்தான் முதல்ல அளக்கணும். சக்கர நாற்காலி அறுபத்தஞ்சு சென்டிமீட்டர், அதுல நான்...

— உங்க தொப்பையையும் சேத்து அளந்துட்டேன். காத்தடிக்கிற பம்பு, பஞ்சர் சாமான், மாத்திரை எல்லாம் பையில இருக்கு.

— விடுதிக்குப் போன் பண்ணியா?

— பண்ணேன். படியே இல்லம்மான்னாரு.

— நம்பிட்டியா! எத்தனை படின்னு கேக்கணும்.

— கேட்டேனே. ரெண்டே ரெண்டு சின்னப் படியாம்.

— பாத்தியா! அப்புறம் ஏழாவது குறிப்பு...

— அதையும் செஞ்சாச்சு.

— என் பயணக் குறிப்பைப் படிச்சு நானூறு சக்கர நாற்காலிக்காரங்க ஊர் ஊரா சுத்துறாங்க, தெரியுமா?

— எழுதினவர் மட்டும் மூணு வருஷமா வாசலைத் தாண்டல.

— ...தலைமையகத்துல ஒரு ஆள் இருக்க வேணாமா?

— ஆமா, பெரிய தலைமையகம்!

— மணி என்ன?

— ஒன்பதே கால்.

— ஒன்பதுக்கு வரவேண்டிய வண்டியைக் காணோம். இனி எங்க ரயிலைப் பிடிக்கிறது... விடு. பொண்ணுகிட்ட நானே பேசிக்கிறேன்.

— என்னன்னு பேசுவீங்க? அப்பா வரணும்னு தன் கடைத் திறப்பை ரெண்டு தடவை தள்ளி வச்சிருக்கா. உங்க நாற்காலி ஏறணும்னு வாசப்படியை இடிச்சுச் சரிவு போட்டுட்டு உக்காந்திருக்கா.

— எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

— அப்புறம்?

— மூணு வருஷம் முன்னாடி ஸ்டேஷன்ல நாலு பேர் என்னைத் தூக்கினாங்களே... "இதை எங்க வைக்கிறது?"ன்னு கேட்டானே ஒருத்தன்... நானும் "ஜன்னலோரமா வைங்க"ன்னு சொன்னேனே...

— எல்லாரும் சிரிச்சாங்க.

— நானும்தான் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து... பயமா இருக்கும்மா. போதுமா?

— போதும். வண்டி வரட்டும், பாத்துக்கலாம்.

— வண்டி வராது. காலையில நான்தான் போன் பண்ணி வேணாம்னுட்டேன்.

— தெரியும். கதவைச் சாத்திட்டு அவ்வளவு சத்தமா ரகசியம் பேசினா கேக்காதா?

— தெரிஞ்சுமா பையைக் கட்டின?

— ரயில் பத்தரைக்குத்தான். உங்ககிட்ட பத்துன்னு சொல்லி வச்சேன்.

— அடிப்பாவி! ஆனா வண்டி?

— ஏழாவது குறிப்பு என்ன, சொல்லுங்க.

— எப்பவும் ரெண்டு வண்டிக்குச் சொல்லி வைக்கணும்... நாற்காலியைப் பாத்ததும் முதல் வண்டிக்காரர் ஓடிருவாருன்னு...

— நாற்காலிக்காரரே ஓடிருவாருன்னு எழுத மறந்துட்டீங்க. வாசல்ல ஹாரன் அடிக்குது, செருப்பை மாட்டுங்க.