தீனிப்பையில் சோளம் இல்லை

நவம்பர் ஒன்பதாம் நாள். விடிய விடியத் தூறல்; காற்று சிறிதும் இல்லை. மலைச்சாலையில் ஈ காக்கை நடமாட்டம் இல்லாத அதிகாலை நான்கு மணி… சற்று நெருங்கி உட்காருங்கள். இது நண்பர் ஒருவரின் சித்திக்கு நேர்ந்தது.

அந்தச் சாலை வழியாகத்தான் சித்தப்பா நடந்தே வீடு வந்து சேர்ந்தார். சோள மூட்டை ஏற்றும் லாரியின் ஓட்டுநர் அவர். வெறுங்காலால் மிதித்தால்தான் அவருக்கு வண்டி பிடிபடும். ஆகவே செருப்பு எப்போதும் இருக்கைக்குப் பின்னால் கிடக்கும். அன்றும் வாசலில் வெறுங்காலோடு நின்றார்.

"வண்டி வழியில நின்னுடுச்சு. நான் வந்தது யாருக்கும் தெரிய வேணாம். மொதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு."

சித்தி வழிவிட்டாள். நனைந்து புளித்த சாக்கின் வாடை அவருக்கு முன்பாக உள்ளே நுழைந்தது. பழகிய வாடைதான். சோறு போட்டாள். "அப்புறம்," என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

பகலெல்லாம் உள்ளறையில் படுத்திருப்பார். மாலையில் கொல்லைப்புறத்து முக்காலியில் அமர்வார். கோழிகள் விழுந்தடித்து ஓடிவந்து அவர் காலடியை மொய்க்கும். அது புதிதன்று. மூட்டை இறக்கும்போது, மடித்துவிட்ட கால்சட்டை விளிம்பில் சோளம் தங்கிவிடும், வீட்டில் அதை உதறுவார், அவை பொறுக்கும். க்ளுக்… க்ளுக்… அதைக் கேட்டபடி சித்தி பாத்திரம் துலக்குவாள்.

பிறகு கோழிகள் சாகத் தொடங்கின. காயம் இல்லை, இரத்தம் இல்லை. கால் துவளும். சிறகு சரியும். கழுத்து ஈரத்துணிபோல் தொய்ந்து தரையில் படியும்… கண் மட்டும் விழித்திருக்கும்.

வேலிக்கு அப்பாலிருந்து தையற்கார அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் கோழி எங்க மாமனார் டிவி பாக்குற மாதிரி கழுத்தைத் தொங்கப் போட்டுக் கெடக்கு? ஆமா, உன் வீட்டுக்காரர் எப்பத்தான் வருவாரு? இந்தத் தடவை ஆளையே காணோமே!"

அக்காவின் பார்வை முக்காலியின்மேல் பட்டு, அதைத் தாண்டிப் போயிற்று. சித்தப்பா அதில்தான் அமர்ந்திருந்தார்.

"வந்துடுவாரு," என்றாள் சித்தி. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாரே; அவளுக்கு வியப்புகூட எழவில்லை.

சாம்பல் நிறப் பெட்டை ஒன்றுதான் மிஞ்சியது. அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று, செத்த கோழி ஒன்றைப் பையிலிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். அவர் அதன் கழுத்தடியில் இரை தங்கும் தீனிப்பையைக் கீறினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புழும்மா. முழுக்கப் புழு. உங்க வீட்டுப் பக்கம் ஏதோ செத்து அழுகுது. இதுங்க அந்தப் புழுவைத் தின்னிருக்கு. அந்த விஷம்தான் கழுத்தைச் சாய்க்குது."

"சோளம் இருக்குங்களா டாக்டர்?"

"ஒரு மணிகூட இல்ல. செத்தது என்னன்னு தேடி எடுத்து, ஆழமாப் புதைச்சிடுங்க. இல்லேன்னா மிச்சமும் போயிடும்."

சித்தி தேடினாள். விறகடுக்கைக் கலைத்தாள்; சாக்கடை மூடியைத் தூக்கினாள்; கூரையேறிப் பார்த்தாள். ஒரு செத்த எலிகூட இல்லை. மாலையாயிற்று. சித்தப்பா வந்து முக்காலியில் அமர்ந்தார். சாம்பல் பெட்டை ஓடிற்று. க்ளுக்… க்ளுக்…

சித்தி குனிந்தாள். கால்சட்டை விளிம்பிலிருந்து வெளிறிய மணி ஒன்று உதிர்ந்தது. சோளம் என்றே எண்ணினாள்… அது தரையில் நெளிந்தது. கோழி அவருடைய கால்விரல் இடுக்கில் ஓங்கிக் கொத்தியது. அவர் காலை இழுக்கவில்லை.

அவள் அலறவில்லை. கோழியை வாரி எடுத்து, வேலிக்கு அப்பால் நின்ற தையற்கார அக்காவிடம் நீட்டினாள்.

"இத நீயே வெச்சுக்கக்கா. திருப்பிக் குடுக்காத."

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

அப்போது சித்தியின் இடுப்பிலிருந்த கைப்பேசி அடித்தது. லாரி முதலாளியின் எண். முக்காலியிலிருந்து, தலையைத் திருப்பாமல் சித்தப்பா சொன்னார்:

"எடுக்காத. எடுத்தா நான் கெளம்பணும்."

சித்தி கைப்பேசியைக் கையில் வைத்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. பின்பு போய் முக்காலியின் அருகே மண்ணில் அமர்ந்தாள்.

கோழியை அணைத்தபடி வேலியோரம் நின்ற தையற்கார அக்கா கண்டது இவ்வளவே. முக்காலியில் யாரும் இல்லை. அதன் பக்கத்தில் சித்தி வெறுங்காற்றில் தலையைச் சாய்த்திருந்தாள்… தலை கீழே விழவில்லை. கலைந்த அவள் கூந்தலை எதுவோ மெல்லக் கோதி ஒதுக்கிக்கொண்டிருந்தது.

கைப்பேசி ஓய்ந்தது. மாலை ஆறு மணி இருபத்திரண்டு நிமிடம்.